இசைக்கவை ஏந்திய யமஹா

விடுதி வாயிலில் நிற்கும் யமஹா மோட்டார் சைக்கிள் ஒன்றை அருகில் சென்று உற்றுப் பாருங்கள். வட்டத்திற்குள் மூன்று கவைகள் கூடி நிற்கும் முத்திரை ஒன்று தெரியும். அதை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் என்று எண்ணுவோர் நம்மில் பலர். அவை ஆரக்கால்கள் அல்ல. பௌதிக ஆய்வுக்கூடத்தில் ரப்பர்க் கட்டையில் தட்டி, ஒத்ததிர்வுக் குழாயின் வாயருகே பிடிக்கிறோமே, அந்த இசைக்கவைகள்! மோட்டார் வண்டிக்கும் இசைக்கவைக்கும் என்ன உறவு? வண்டிக்கு முன்னரே அந்த முத்திரை ஆர்கனிலும் பியானோவிலும் இருந்தது என்பதே விடை. இன்றும் இசைக் கருவி நிறுவனத்தின் முத்திரையில் கவைகளின் முனைகள் வட்டத்தைத் தொடாமல் உள்ளே அடங்கியிருக்கும். வண்டி நிறுவனத்தின் முத்திரையில் வட்டத்தைத் தொட்டு நிற்கும். அடுத்த முறை பார்க்கும்போது சோதித்துக் கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொன்று. சென்ற பொங்கல் விழாவிற்கு நம் சங்கத்திற்கு மின் கிட்டார் ஒன்று இரவலாகத் தேவைப்பட்டது. நகரில் வேலை பார்க்கும் தமிழ் அண்ணன் ஒருவரை அணுகினோம். அவரிடம் இரண்டு இருந்தன. பளபளக்கும் புதிய கிட்டாரைத் தயங்காமல் தந்தார். வண்ணம் மங்கி, விளிம்பெல்லாம் தேய்ந்திருந்த பழைய ஜப்பான் கிட்டாரைத் தொடவும் விடவில்லை! பழையதுதான் விலை மிகுந்தது என்று பின்னர்த் தெரிந்தது. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் ஜப்பானில் செய்த மின் கிட்டார்களை உலகெங்கும் தேடிப் பிடித்து வாங்கிச் சேர்ப்போர் பலர் உண்டாம். ஒரு காலத்தில் மலிவுச் சரக்கு என்றும், போலி என்றும் எள்ளப்பட்ட பொருள் எவ்வாறு பேழையில் வைத்துக் காக்கும் பொருளாயிற்று? இதற்கு விடை தேடிச் சென்றால், மின் கிட்டாரைக் கண்ணாலும் காணாத மனிதர் ஒருவரிடம் போய் நிற்கிறோம். அவர் பெயர் டோராகுசு யமஹா. அவர் மறைந்தது 1916இல். மின் கிட்டார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1930களின் தொடக்கத்தில்.

டோராகுசு 1851இல் ஜப்பானின் கீ நாட்டில், இன்றைய வகயாமா பகுதியில் பிறந்தார். அவர் தந்தை அந்நாட்டுத் தலைவரிடம் வானியல் பணி செய்தவர். பஞ்சாங்கம் கணிப்பதும் நிலம் அளப்பதும் அத்துறைக்குரிய வேலைகள். ஆகவே அளவு கருவிகளும் வரைபடங்களும் நிறைந்த வீட்டில் பிள்ளை வளர்ந்தான் என்று கொள்வதில் பிழையில்லை. 1868இல் ஜப்பானின் அரசியல் தலைகீழாயிற்று. பழைய தலைவர்கள் போயினர். மெய்ஜிப் பேரரசரின் ஆட்சி வந்தது. வாள் தரித்த குடும்பங்கள் வழிவழி மானியத்தை இழந்தன. மானியம் போனபின் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு மிஞ்சியவை இரண்டு: பழம்பெருமை, அல்லது புதுத்தொழில். டோராகுசு தொழிலைத் தேர்ந்தார்.

1871இல் அவர் நாகசாகிக்குச் சென்று, அங்கிருந்த ஆங்கிலேயர் ஒருவரிடம் கடிகார வேலை பயின்றார். கடிகாரத் தொழிற்சாலை தொடங்க வேண்டும் என்பது அவர் கனவு. கனவுக்கு முதல் வேண்டுமே! கையில் பணம் இல்லை. எனவே ஓசாகாவில் மருத்துவக் கருவிகளைச் செப்பனிடும் வேலைக்குத் திரும்பினார். அவ்வேலை அவரை ஊர் ஊராக இழுத்துச் சென்றது. 1880களின் நடுவில் ஹமமாட்சு என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். மருத்துவமனையின் கருவிகளைப் பழுது பார்ப்பதும், கடிகாரம் திருத்துவதுமாகக் காலம் சென்றது. வயதோ முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. ஊர் ஊராகத் திரியும் பழுது பார்ப்பவர் என்பதற்கு மேல் அதுவரை அவருக்குப் பெயர் இல்லை. இருபத்து மூன்று வயதிலேயே வாழ்வு தவறிவிட்டதாகக் கவலைப்படும் நம் போன்ற முதுகலை மாணவர்களுக்கு இந்த வயதுக் கணக்கு சற்று ஆறுதல் தரும்!

1887ஆம் ஆண்டு ஹமமாட்சுத் தொடக்கப் பள்ளியில் ஓர் ஆர்கன் பழுதாயிற்று. அமெரிக்காவில் மேசன் ஆம்லின் நிறுவனத்தார் செய்தது; காலால் துருத்தியை மிதித்து வாசிப்பது. நம் ஹார்மோனியத்தின் மூத்த உடன்பிறப்பு என்று சொன்னால் விளங்கும். இரண்டிலும் உயிர்நிலை ஒன்றே: சிறு பித்தளை நாக்கு. இதை நம்மவர் ரீடு என்பர். கட்டையை அழுத்தினால் வழி திறக்கிறது. காற்று நாக்கின் வழியே பாய்கிறது. நாக்கு துடித்து ஒலி எழுப்புகிறது. புதிய கல்வித் திட்டத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் பாட்டு ஒரு பாடமாக நுழைந்து கொண்டிருந்த காலம் அது. ஆர்கன் கடல் கடந்து வரும் அரும்பொருள். அதைத் திறக்க அவ்வூரில் எவர்க்கும் துணிவில்லை. மருத்துவமனைக் கருவிகளைத் திருத்துபவர் ஒருவர் இருக்கிறாரே என்று யாருக்கோ தோன்றியது, டோராகுசுவை அழைத்தனர்.

அவர் திறந்தார். உடைந்திருந்தவை சில விற்சுருள்கள்தாம். அவற்றை மாற்றிக் கூலி வாங்கிக் கொண்டு போயிருந்தால், இன்று அவர் பெயரை யாரும் அறியமாட்டார்கள். அவர் செய்தது வேறு. திறந்த பெட்டியின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து வரைந்து எடுத்துக் கொண்டார். இதை ஏன் நம் நாட்டிலேயே செய்யக்கூடாது என்பதே அவர் உள்ளத்தில் எழுந்த வினா.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த கருவிகள் பல ஆய்வுக்கூடங்களுக்கு வருகின்றன. ஒரு சிறு உறுப்பு கெட்டால், நிறுவனத்தின் பொறியாளர் வரும்வரை மாதக்கணக்கில் உறை போர்த்தி வைக்கிறோம். திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பது உண்மை. ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்து பத்தாண்டு ஆன கருவியையும் நாம் திறப்பதில்லையே, அது ஏன்? நான் படித்த கல்லூரி ஒன்றில் நிறமாலைமானி ஒன்று இரண்டாண்டு இவ்வாறு உறங்கியது. கடைசியில் வந்தவர் மாற்றியது ஒரு விளக்கை மட்டும்!

டோராகுசுவுக்குத் துணையாக வாய்த்தவர் கவாய் கிசாபுரோ என்ற உலோக நகாசு வேலைக்காரர். இருவரும் அவர் வீட்டிலேயே வேலை தொடங்கினர். தகுந்த கருவிகளும் இல்லை, பொருள்களும் இல்லை. கிடைத்ததைக் கொண்டு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஓர் ஆர்கனைச் செய்து முடித்தனர். பார்வைக்கு அது அமெரிக்கப் பெட்டியைப் போலவே இருந்தது. ஆனால் உள்ளூரில் வாசித்துக் காட்டியபோது கேட்டவர் முகம் மலரவில்லை. எங்கோ குறை இருந்தது. எங்கே என்று சொல்ல ஆளில்லை. சொல்லக் கூடியவர்கள் டோக்கியோவில் இருந்தனர்.

ஹமமாட்சுவிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இரண்டு நகரங்களையும் இணைக்கும் டோகாய்டோ இரயில்பாதை முழுமை பெற்றது 1889இல்தான். ஆகவே, இருவரும் ஆர்கனைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து நடந்தனர். வழியில் ஹகோனே மலை குறுக்கிட்டது. நம் ஊரில் பழனிமலைக்குக் காவடி எடுப்பவரை நினைத்துக் கொள்ளுங்கள். இவர்கள் எடுத்ததும் ஒரு வகைக் காவடிதான். பாலுக்கும் பன்னீருக்கும் பதிலாக, தவறான சுருதியில் ஒலிக்கும் மரப்பெட்டி ஒன்று!

டோக்கியோ இசைப் பள்ளியின் தலைவர் இசாவா ஷூஜி என்பவர். அவரும் 1851இல் பிறந்தவர்தான். அரசு செலவில் அமெரிக்கா சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றவர். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லிடம் பேச்சுப் பயிற்சியும் பெற்றவர். ஜப்பானியப் பள்ளிகளுக்கு முதல் பாட்டு நூல்களைத் தொகுத்தவர் அவரே. கருவியின் தேவையை அவரைவிட நன்கு அறிந்தவர் எவரும் இல்லை. பெட்டியை அவர் சோதித்தார். முடிவு சுருக்கமாகவே வந்தது. வடிவம் நன்று, வேலைப்பாடும் பாராட்டத் தக்கது, சுருதி சரியில்லை, ஆகவே பயன்படாது.

மலை கடந்து சுமந்து வந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்! இந்த இடத்தில் சற்று நின்று, பிழை எங்கே நேர்ந்தது என்று ஆராய்வோம். ஏனெனில் பின்னால் வரும் கிட்டார்க் கதைக்கும் இதுவே அடிப்படை.

நாக்கின் அதிர்வெண் அதன் தடிப்பைப் பொறுத்துக் கூடும்; நீளத்தின் இருமடிக்கு எதிராகக் குறையும். அளவுகோலால் அளந்து அதே நீளத்தில் வெட்டினாலும், தடிப்பில் ஒரு மயிரிழை மாறினால் சுரம் மாறிவிடும். ஆகவே அளந்து செய்வது பாதி வேலை. மீதிப் பாதியைக் காதால் கேட்டுச் சுரண்டிச் சுரண்டித் திருத்த வேண்டும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் அங்கே கனம் குறைந்து சுரம் ஏறும். அடியைச் சுரண்டினால் விறைப்புக் குறைந்து சுரம் இறங்கும். ஹார்மோனியம் சரி செய்பவர்கள் இன்றும் செய்வது இதுவே.

அதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. எந்த அளவுக்குத் திருத்துவது? சட்சமத்திற்கும் பஞ்சமத்திற்கும் இடையே உள்ள தூய விகிதம் 3:2. இவ்விகிதத்தில் பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால், ஏழு தாயி தாண்டித் தொடங்கிய சுரத்திற்கே திரும்ப வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது, இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இரண்டும் ஒன்றவில்லை! எனவே மேலைநாட்டார் எல்லாச் சுரங்களிலும் இந்த மிச்சத்தைப் பங்கு போட்டு, ஒரு தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பகுத்துக் கொண்டனர். ஒவ்வொரு பஞ்சமத்தையும் தெரிந்தே ஒரு துளி குறைத்து வைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை விம்மல்களை எண்ணி அறிய வேண்டும். இது கண்ணால் பார்த்து வரைந்து கொள்ளும் செய்தி அன்று. பெட்டியைத் திறந்த டோராகுசு நாக்குகளைக் கண்டார். நாக்குகளுக்கு இடையே இருந்த கணக்கைக் காணவில்லை. காண முடியாததை எப்படி வரைவது?

இசாவா அவரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பவில்லை. பள்ளியிலேயே தங்கி இசைக் கோட்பாடும் சுருதி சேர்க்கும் முறையும் கேட்டறிய இடம் தந்தார். டோராகுசு ஏறத்தாழ ஒரு மாதம் பாடம் கேட்டார். இசைக்கவையின் பயனை அங்கேதான் நன்கு கற்றார். பின்பு ஊர் திரும்பி, மறுபடியும் தொடக்கத்திலிருந்து வேலை செய்தார். இரண்டாவது பெட்டி தயாராயிற்று. மீண்டும் டோக்கியோ; மீண்டும் சோதனை. இம்முறை, வெளிநாட்டுக் கருவிக்கு ஈடாக இதைப் பயன்படுத்தலாம் என்று இசாவா ஒப்புதல் தந்தார். பிற்காலத்தில் நிறுவனத்துக்கு முத்திரை வேண்டும் என்றபோது சிங்கமும் பருந்தும் கிடக்க, இசைக்கவை ஏன் வந்தது என்பது இப்போது விளங்கும்.

இதே காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது? கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் 1875இல் துவார்கின் என்னும் இசைக்கருவிக் கடையைத் தொடங்கியிருந்தார். மேலைநாட்டு மிதிதுருத்திப் பெட்டியை, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து மறுகையால் வாசிக்கும் சிறு பெட்டியாக மாற்றிய பெருமை அவருக்கு உரியது என்பர். டோராகுசு பெட்டியை உள்ளவாறே செய்ய முயன்றார். கோஷ் நம் சம்மணத்துக்கு ஏற்ப அதை வெட்டிச் சிறிதாக்கினார். இரண்டும் அறிவுடைய செயலே. யார் பெரியவர் என்று நான் வழக்குரைக்க வரவில்லை. ஆனால் சுருதி என்ற கேள்வி அங்கும் விடவில்லை. பன்னிரண்டு சமப் பங்கில் நின்ற சுரங்களும், கமகம் பிடிக்க இயலாத கட்டைகளும் நம் இசைக்கு ஒவ்வா என்று எதிர்ப்பு எழுந்தது. 1940இல் அனைத்திந்திய வானொலி ஹார்மோனியத்திற்குத் தடை விதித்தது. அத்தடை தளரத் தொடங்கியது 1971இல்தான். ஹமமாட்சுப் பெட்டிக்கு நேர்ந்த தடை சில மாதத்தில் நீங்கியது; நம் பெட்டிக்கு நேர்ந்த தடை முப்பது ஆண்டு நின்றது. டோராகுசுவுக்கு எது சரியான சுருதி என்று சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தார். அளவும் ஒன்றே இருந்தது. நம் இசையிலோ இராகத்திற்கு இராகம் அளவு மாறுகிறது. பெட்டி செய்பவர் எந்த அளவைப் பிடிப்பது? இந்த வேறுபாட்டை மறந்து, அவர்கள் முன்னேறினர், நாம் பின்தங்கினோம் என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது.

டோராகுசுவின் எஞ்சிய வாழ்க்கையை விரைந்து சொல்லிவிடலாம். வணிக வரலாறுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. 1888இல் ஹமமாட்சுவில் ஆர்கன் பட்டறை தொடங்கினார். 1891இல் கூட்டாளிகள் பிரிந்தனர். அவர் விடாமல் நடத்தினார். 1897இல் நிப்பான் காக்கி என்ற பெயரில் கம்பெனி அமைத்தார். ஜப்பான் இசைக் கருவி என்பது அப்பெயரின் பொருள். 1899இல் கல்வி அமைச்சின் ஆதரவோடு அமெரிக்கா சென்று, பியானோத் தொழிற்சாலைகளைப் பார்வையிட்டுத் திரும்பினார். 1900இல் நிமிர்ந்த பியானோவும், 1902இல் கிடைப் பியானோவும் வெளிவந்தன. முதல் பியானோவின் உள்ளுறுப்புகள் சில வெளிநாட்டவையே. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர் பியானோவும் ஆர்கனும் பரிசு பெற்றன. தோளில் காவடி சுமந்த நாளிலிருந்து பதினேழே ஆண்டுகள்!

அவர் பட்டறையில் சிறுவனாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் கவாய் கோயிச்சி. வண்டி செய்பவர் மகன். பியானோவின் சுத்தியல் இயக்கத்தைச் சொந்தமாகச் செய்யும் முயற்சியில் பெரும்பங்கு கொண்டவர். அவரே 1927இல் தனிப் பட்டறை வைத்தார். இன்று உலகெங்கும் விற்கும் கவாய் பியானோ அவர் பெயரில் வந்ததுதான். ஒரே ஊரில், ஒரே பட்டறை வழியில் இரண்டு பெயர்கள்! 1947இல் டோக்காய் என்ற மூன்றாவது நிறுவனமும் அங்கே தோன்றியது. சுருதி அறிந்த தச்சர்கள் ஓர் ஊரில் குவிந்துவிட்டால், தொழில் அங்கே வேர் பிடித்துவிடுகிறது. தஞ்சையில் வீணை செய்யும் குடும்பங்களை நினைத்தால் இது நமக்குப் புதிதாகத் தோன்றாது.

1916 ஆகஸ்டில் டோராகுசு மறைந்தார். அதன்பின் அவர் நிறுவனம் பட்ட பாடு சிறிதன்று. 1926இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் 105 நாள் நீடித்தது. புதிய தலைவர்கள் வந்தனர். இரண்டாம் உலகப் போரில் பியானோ செய்த கைகள் விமானங்களுக்குச் சுழல்விசிறி செய்தன. போருக்குப் பின் 1955இல் மோட்டார் சைக்கிள். விடுதி வாயில் வரை வந்த கதை அது. நாம் கிட்டாருக்குத் திரும்புவோம்.

1965இல் அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் குழுவினர் ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்தனர். மின் கிட்டார் மோகம் ஜப்பானிய இளைஞரைப் பற்றிக் கொண்டது. மரப்பட்டறை வைத்திருந்தவர் எல்லாம் கிட்டார் செய்யத் தொடங்கினர். யமஹாவின் முதல் மின் கிட்டார்கள் 1966இல் வந்தன. அக்காலத்து மலிவு ஜப்பான் கிட்டார்கள் பல அமெரிக்கக் கடைகளில் வெவ்வேறு பெயர்களில் குவிந்தன. அவற்றின் மேல் விழுந்த தீர்ப்பு யாது? பார்வைக்கு நன்று, சுருதி நிற்கவில்லை! இசாவா 1887இல் சொன்னதை, அவரைக் கேள்விப்பட்டும் இராத அமெரிக்கச் சிறுவர்கள் எண்பது ஆண்டு கழித்து மீண்டும் சொன்னார்கள்.

காரணமும் ஏறத்தாழ அதுவே. வீணையில் இருபத்து நான்கு மெட்டுகளை மெழுகில் பதிக்கிறோம். காது சொல்லும் இடத்திற்கு நகர்த்தலாம். கிட்டாரில் மெட்டுகளை மரத்தில் அறுத்துப் பதித்துவிடுகின்றனர். அறுத்தபின் நகர்த்த வழியில்லை. 648 மில்லிமீட்டர் தந்தியுள்ள கிட்டாரில் முதல் மெட்டு 36.37 மில்லிமீட்டரில் வரவேண்டும். பன்னிரண்டாவது சரிபாதியில், 324இல். அங்கே ஒரு மில்லிமீட்டர் தவறினால் என்ன ஆகும்? மெல்லிய தந்தியில் 659 ஆக இருக்க வேண்டிய அதிர்வெண் இரண்டு எண் மாறிவிடும். சரியான சுரத்தோடு சேர்த்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டு விம்மல். பழக்கமில்லாத காதுக்கும் அது தெரியும். மின் கிட்டாரின் காந்தமும் கம்பிச்சுருளும் தந்தியின் அதிர்வை மின்காந்தத் தூண்டலால் மின்குறியாக எடுத்துத் தருகின்றன; அதைப் பெருக்கி பன்மடங்கு பெருக்குகிறது. பிழையையும் சேர்த்தே பெருக்குகிறது!

1970களில் நிலை மாறிற்று. மட்சுமோட்டோ நகரின் ஃபியூஜிஜென் போன்ற பட்டறைகள் அமெரிக்கக் கிட்டார்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்து அளந்தன; மெட்டறுப்பிலும் கழுத்தின் இணைப்பிலும் துல்லியம் கண்டன. அதே காலத்தில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் சில பெருமுதலாளிகள் கைக்கு மாறி, வேலைத்தரம் தளர்ந்திருந்தன. நகல் மூலத்தை நெருங்கியது. சில வேளை மிஞ்சியது. 1977இல் கிப்சன் கிட்டாரின் உரிமையாளர்கள், ஐபனீஸ் கிட்டார்களை விற்ற நிறுவனத்தின்மேல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். வழக்கு கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது மட்டுமே. அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. ஆனால் இன்று விற்பவர்கள் அக்காலத்து ஜப்பான் நகல் எதைக் கண்டாலும் வழக்குக் கிட்டார் என்று பட்டம் சூட்டி விலையேற்றுகின்றனர். ஏமாற வேண்டாம்.

சேகரிப்போர் மெய்யாகவே விரும்புபவை சில. 1976இல் வந்த யமஹா எஸ்.ஜி. 2000 ஒன்று. கார்லோஸ் சந்தானாவின் விருப்பத்திற்கேற்ப, நாதம் நீண்டு நிற்பதற்காகப் பாலத்தின் அடியில் பித்தளைத் தகடு பதித்தது. கழுத்து மரம் உடலின் ஊடே கடைசிவரை ஓடுவது. தூக்கினால் தோள் வலிக்கும்! இது எவருடைய நகலும் அன்று. 1982இல் அமெரிக்க ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானில் கிட்டார் செய்விக்கத் தொடங்கியது. வரிசை எண் ஜே.வி. என்று தொடங்கும் அத்தொடக்கக் காலத்துக் கிட்டார்களுக்குத் தனி மதிப்பு. மூலத்தைச் செய்தவரே நகல் செய்தவரிடம் வேலையை ஒப்படைத்தார் என்றால், வேறு சான்று எதற்கு? மின்சாரம் இல்லாத கிட்டார்களில், 1966 முதல் வந்த யமஹா எஃப்.ஜி. 180இன் சிவப்புச் சீட்டுப் பிரதிகளைத் தேடுகின்றனர். வேடிக்கை என்னவெனில், சுருதி நில்லாத 1960களின் மலிவுக் கிட்டார்களையும் சிலர் இன்று அவற்றின் விசித்திர வடிவத்திற்காகவும் கரகரத்த குரலுக்காகவும் வாங்குகின்றனர். ஆசைக்கு அளவுகோல் ஏது?

ஐதராபாத்தில் பழைய ஜப்பான் கிட்டார் விலைக்கு வந்தால், நம் நண்பர்கள் பெயரை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிவிடக் கூடாது. யமஹா என்ற பெயர் தாங்கியவை தைவானிலும் இந்தோனேசியாவிலும்கூடச் செய்யப்பட்டன. எங்கே செய்தது என்று தலையின் பின்புறத்தில் படியுங்கள். கழுத்தைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து முறுக்கு உண்டா என்று நோக்குங்கள். இவ்வூரின் கோடை வறட்சியையும் மழைக்கால ஈரத்தையும் மாறி மாறிக் குடித்த மரம் முறுக்கிக் கொள்வது உண்டு. மெட்டுகளில் தந்தி பட்டுப் பள்ளம் விழுந்திருந்தால் புது மெட்டு அடிக்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள். கடைசியாக, பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே தந்தியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும். சிறு வேறுபாட்டைப் பாலத்திலுள்ள திருகால் திருத்தலாம். திருகு எட்டாத அளவுக்கு வேறுபட்டால், விற்பவர் எவ்வளவு பழைமை பேசினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இப்போது அத்தனை தொலைவு தேடவும் வேண்டுவதில்லை. 2019 முதல் சென்னை அருகே யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை நடைபெறுகிறது. விசைப்பலகைகளும் மின்சாரம் இல்லாத கிட்டார்களும் அங்கே உருவாகின்றன. மூன்று இசைக்கவை முத்திரையோடு நம்மவர் கையால் முடிந்த கிட்டார்கள் இவ்வூர்க் கடைகளுக்கும் வருகின்றன. நம் சங்கத்துக்கென ஒன்று வாங்குவது பற்றிச் செயற்குழுவில் பேச்சு நடக்கிறது. வாங்கப் போகும் நாளில் அதையும் பன்னிரண்டாம் மெட்டில் சோதித்துப் பார்த்தே எடுத்து வருவோம்.